மூடுபனிக்குள் ஒரு பேட்டன்

வாகீஸ்வரிக்கு ஒரு வழக்கம். கால் ஓடத் தொடங்கும் முன்பே அவள் மனசு ஓடி முடித்துவிடும்.

மலேசியாவில், கோலசிலாங்கூர் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணியின் மகள் அவள். அந்தத் தோட்டத்தில் அவளைவிட வேகமாக ஓட ஆளில்லை. அதனால்தான் அஞ்சல் ஓட்டத்தில் கடைசி ஓட்டம் அவளுக்கு. அவளுக்கு முந்தி ஓடும் தோழி முரியல், பேட்டன் குச்சியைக் கொண்டுவந்து கொடுப்பாள். வாகீஸ்வரி நழுவவிடுவாள். அது புல்லில் உருண்டு போகும்.

"நாளைக்கும் கீழ போட்டா, மாவட்டப் போட்டிக்குக் காளியம்மாதான் ஓடும்," என்று சொல்லிவிட்டார் பயிற்சி தரும் உமாபதி சார். வாகீஸ்வரி வீடு போய்ச் சேரும்வரை அழுதாள். முரியலுக்கு மனசே கேட்கவில்லை.

மறுநாள் விடிந்தும் விடியாத நேரத்தில் இருவரும் திடலுக்கு வந்தார்கள். எங்கும் மூடுபனி. செம்பனை மரங்களைக் காணோம், பள்ளிக்கூடத்தையும் காணோம். உலகத்தை யாரோ வெள்ளைத் துணியால் போர்த்திவிட்டதுபோல இருந்தது.

அந்த வெள்ளைக்குள் முரியல் ஓடி வந்தாள். வாகீஸ்வரியின் நீண்டிருந்த கை மட்டும் தெரிந்தது. பேட்டனை வைத்தாள். கை பிடித்துக்கொண்டது. திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார்கள். ஒருமுறைகூட விழவில்லை.

பிறகு வெயில் வந்தது, பனி விலகியது, பேட்டன் விழுந்தது.

"இப்ப எங்க பாத்துக்கிட்டு இருந்த?" என்றாள் முரியல்.

"வெற்றிக்கோட்டைத்தான். நான் அங்க போயிட்டன். அம்மா கை தட்டுறா."

"நீ போயிட்ட. கை இங்கதான நிக்குது லா. பனியில என்ன தெரிஞ்சுச்சு?"

"ஒண்டும் தெரியேல்லை. உன்ர காலடிச் சத்தம் மட்டும் கேட்டது."

முரியல் விழுந்த பேட்டனை எடுத்துக்கொண்டாள். "அப்ப கண்ண மூடிக்கிட்டு நில்லு. நான் கையில வச்சப்புறம் தொற. அதுவரைக்கும் கோடும் இல்ல, அம்மாவும் இல்ல."

"நேரம் போயிடுமே?"

"போகட்டும். நீ புடிச்சிருவ."

அன்றைய பயிற்சியில் பேட்டன் விழவில்லை. மாவட்டப் போட்டியில் மற்றப் பிள்ளைகள் துள்ளிக்கொண்டு நிற்க, வாகீஸ்வரி கண்ணை மூடிக் கையை நீட்டி நின்றாள்.

"கிராணி மக நின்னுக்கிட்டே தூங்குது," என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது. உமாபதி சார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

வாகீஸ்வரிக்கு அந்தச் சிரிப்புக் கேட்கவில்லை. தூரத்தில் மெல்லிய காலடிச் சத்தம். அது நெருங்கியது. உள்ளங்கையில் பேட்டன் வந்து உட்கார்ந்தது.

கண்ணைத் திறந்தாள். ஓடினாள். முன்னால் போனவர்கள் ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள். கோடு வந்தது. அவள் நிற்கவில்லை. சாரின் மோட்டார் சைக்கிளைத் தாண்டி, வேலி வந்த பிறகுதான் நின்றாள்.

முரியல் மூச்சிரைக்க ஓடி வந்தாள். வாகீஸ்வரியின் சட்டையில் வெற்றிக்கோட்டு ரிப்பன் ஒட்டிக்கொண்டு காற்றில் ஆடியது. அவள் அதைப் பார்க்கவே இல்லை; பேட்டனை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"முரியல், பேட்டன் விழேல்லைத்தானே?" என்றாள்.