தலையாட்டினால் பதிவாகாது

பட்டனின் அப்பா ஒரு தையல்காரர். கை நன்றாகப் பேசும், வாய்தான் பேசாது. எப்படிப் பேசும்? காலையில் கடையைத் திறந்ததும் நாலைந்து குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொள்வார். சாப்பாட்டு நேரத்தில்தான் அவை வெளியே வரும். அதனால் எல்லாவற்றுக்கும் தலைதான் பதில். மேலும் கீழும் ஆட்டினால் 'சரி'. பக்கவாட்டில் ஆட்டினால் 'ஆகாது'. கொஞ்சம் சாய்த்து ஆட்டினால், 'உங்க அம்மாவைக் கேளு'.

பட்டன் அப்படியே நேரெதிர். குட்டையாக, உருண்டையாக இருப்பதால் அவளுக்கு அந்தப் பெயர். வாய் மட்டும் ஓயவே ஓயாது.

அவளுடைய அத்தைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளைக்குப் பார்வை கிடையாது. பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பது அவர் வேலை. ஒரு கம்பி துளி தளர்ந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். பட்டனுக்கு அந்த மாமாவை ரொம்பப் பிடிக்கும். அவள் பேசுவதை முழுக்கக் கேட்கிற ஒரே ஆள் அவர்தான்.

கல்யாணத்துக்காக அப்பா தைத்துக்கொண்டிருந்த கோட்டைப் போட்டுப் பார்க்க மாமா கடைக்கு வந்தார். அப்பா அவரைச் சுற்றிச் சுற்றி வந்து குண்டூசி குத்தினார்.

"மச்சான், தோள்பட்டை கொஞ்சம் இறுக்குற மாதிரி இருக்கு. தளர்த்த முடியுமா?" என்று மாமா கேட்டார்.

அப்பா தலையை மேலும் கீழும் ஆட்டினார்.

மாமா காத்திருந்தார். "மச்சான்?"

அப்பா இன்னும் பலமாகத் தலையாட்டினார்.

"பரவாயில்ல, இப்படியே இருக்கட்டும்," என்றார் மாமா. அவர் குரல் சுருங்கிப்போயிருந்தது.

பட்டன் அவரோடு பேருந்து நிறுத்தம் வரை நடந்தாள். பாதி வழியில் மாமா நின்றார்.

"பட்டன், உண்மையைச் சொல்லு. உங்க அப்பாவுக்கு என்னைப் பிடிக்கலையா?"

"ஏன் மாமா அப்படிக் கேக்குறீங்க?"

"உங்க அத்தை முதல்ல என்னைக் கூட்டிட்டு வந்தப்பவும் அவர் பேசலை. இன்னைக்கும் பேசலை. கண்ணு தெரியாத ஆளுக்குத் தங்கச்சியைக் கொடுக்க மனசு வரலையோ என்னவோ."

பட்டனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ, இல்ல மாமா. அப்பா தலையாட்டினாரு. ரெண்டு தடவை ஆட்டினாரு. நான் பாத்தேன்."

மாமா சிரித்தார். ஆனால் அது நம்பிய சிரிப்பு இல்லை. "நீ நல்ல பொண்ணும்மா," என்று சொல்லிவிட்டுப் பேருந்தில் ஏறிக்கொண்டார்.

பட்டன் ஒரே ஓட்டமாகக் கடைக்குத் திரும்பினாள்.

"அப்பா, நீங்க தலையாட்டுறது மாமாவுக்கு எப்படித் தெரியும்?"

அப்பாவின் வாயிலிருந்த குண்டூசிகள் பொலபொலவென்று மேசையில் விழுந்தன. முகத்தில் ஈயாடவில்லை.

"அவருக்குப் பார்வை இல்லைன்னு தெரியாமலா இருக்கேன்? பழக்க தோஷம்," என்றார் மெதுவாக.

"உங்களுக்குத் தன்னைப் பிடிக்கலைன்னு நெனச்சுட்டாருப்பா. நாளைக்கே போய்ப் பேசுங்க."

"எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போய்ப் பேசுறது?"

அவ்வளவுதான். அப்பா கோட்டின் தோள்பட்டையைப் பிரித்து, தளர்த்தித் தைக்கத் தொடங்கினார். அடுத்த நாள் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. துணிக்கு முன்னால் சிங்கம். மனிதருக்கு முன்னால் அப்பா இப்படித்தான்.

கல்யாணத்துக்கு முந்தைய வாரம் அம்மா ஒரு பெரிய புத்தகம் வாங்கி வந்தாள். ஓரமெல்லாம் தங்க நிறம். "மண்டப வாசல்ல வைக்கலாம். வர்றவங்க வாழ்த்து எழுதிட்டுப் போகட்டும்," என்றாள்.

"மாமா எப்படிப் படிப்பாரு?" என்று கேட்டாள் பட்டன்.

"நான் படிச்சுக் காட்டுறேன்," என்றாள் அத்தை.

"அப்போ எல்லா வாழ்த்தும் உன் குரல்லதானே அவருக்குக் கேக்கும்? யார் எழுதினா என்ன?"

அத்தை யோசித்தாள். பிறகு தன் பழைய செல்போனை எடுத்துப் பட்டனிடம் நீட்டினாள். "சரி, நீயே ஒரு வழி பண்ணு. எல்லாரையும் பேச வச்சுப் பதிவு பண்ணு பாக்கலாம்."

பட்டனுக்குக் குஷி தாங்கவில்லை. எல்லாரும் என்றால் அதில் அப்பாவும் உண்டு.

கல்யாண நாளில் அவள் மண்டப வாசலில் செல்போனோடு நின்றாள். முதலில் வந்தவர், "எல்லாச் செல்வமும் பெற்று நீடூழி வாழ்க," என்றார். அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்தவரும் அதே. போட்டுக் கேட்டால் அதுகூடச் சரியாகக் காதில் விழவில்லை; பின்னால் பாட்டுக் கச்சேரி காதைப் பிளந்துகொண்டிருந்தது.

பட்டன் தலையைச் சொறிந்தாள். பிறகு மாடிப்படிக்குக் கீழே இருந்த சாமான் அறையைக் கண்டுபிடித்தாள். உள்ளே மேசைவிரிப்புகள் அடுக்கடுக்காகக் கிடந்தன. கதவைச் சாத்தினால் அமைதி. ஒரு நாற்காலியைப் போட்டாள்.

"நீடூழி வாழ்க எல்லாம் வேண்டாம். நீங்க மட்டுமே சொல்லக்கூடியதைச் சொல்லுங்க," என்று ஒவ்வொருவரையும் மிரட்டினாள்.

அது வேலை செய்தது. பேருந்து ஓட்டுநர், "தம்பி, நீங்க எங்க கை நீட்டினாலும் நிறுத்துறேன், நிறுத்தமே இல்லாட்டியும் சரி," என்றார். ரொட்டிக் கடைக்காரம்மா பேச வந்ததை மறந்து சிரித்துக்கொண்டே இருந்தார். ஒரு குட்டிப் பையன் தன் நாய் குரைப்பது போலக் குரைத்துவிட்டுப் போனான்.

கடைசியில் பட்டன் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். பட்டன் பொத்தானை அழுத்தினாள். அப்பா செல்போனைப் பார்த்துத் தலையாட்டினார்.

"அப்பா, தலையாட்டினா பதிவாகாது."

அப்பா தொண்டையைச் செருமினார். நெற்றியைத் துடைத்தார். "நீ வெளியே போ," என்றார்.

பட்டன் கதவில் காதை வைத்துக் கேட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. வெகுநேரம் கழித்து அப்பா வெளியே வந்து செல்போனைக் கொடுத்தார்.

"பேசுனீங்களா?"

அப்பா தலையைச் சாய்த்து ஆட்டினார். உங்க அம்மாவைக் கேளு. இதில் அம்மா எங்கிருந்து வந்தாள் என்று பட்டனுக்கு எரிச்சலாக இருந்தது.

விருந்தினர்கள் கிளம்பியதும் அத்தையும் மாமாவும் அம்மாவும் மேடை ஓரமாக உட்கார்ந்தார்கள். பட்டன் செல்போனை மாமாவின் மடியில் வைத்தாள். ஒவ்வொரு குரலுக்கும் மாமா ஆளைச் சொன்னார். ரொட்டிக் கடைச் சிரிப்புக்கு அவரும் சேர்ந்து சிரித்தார். நாயையும் சரியாகக் கண்டுபிடித்தார்.

கடைசிப் பதிவு வந்தது. நாற்காலி கிரீச்சிட்டது. பிறகு ஒன்றுமே இல்லை. மண்டபத்தின் மறுகோடியில் அப்பா நாற்காலிகளை மடக்குவது போல நடித்துக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை," என்றது செல்போன். "நான் பட்டனோட அப்பா. நீங்க தோள்பட்டையைத் தளர்த்தச் சொன்னீங்கல்ல, அன்னைக்கு நான் சரின்னு தலையாட்டினேன். உங்களுக்கு அது தெரியாதுங்கிறதே என் மண்டையில ஏறலை. என் மேலதான் தப்பு. தளர்த்திட்டேன். இப்ப வசதியா இருக்குதா?"

செல்போனில் அப்பா மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"எங்க அப்பா போனதுக்கு அப்புறம் என் தங்கச்சி பாடுறதையே விட்டுட்டா. உங்களைப் பாத்ததுக்கு அப்புறம்தான் வீட்டுல மறுபடியும் பாடுறா. எனக்கு உங்களை ரொம்பப் பிடிக்கும் மாப்பிள்ளை. அவ்வளவுதான். இதை எப்படி நிறுத்துறது?"

அத்தை முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மாமா எழுந்து நின்றார். தோள்களை ஒருமுறை அசைத்துப் பார்த்தார்.

"மச்சான் எங்க இருக்காரு?" என்று கேட்டார்.

மறுகோடியில் அப்பா வேகமாகத் தலையாட்டினார். பட்டன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவரையே முறைத்தாள். அப்பாவின் தலை அப்படியே நின்றது.

"இங்கதான் இருக்கேன் மாப்பிள்ளை," என்றார் அப்பா, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி. "அங்கேயே இருங்க, நான் வர்றேன்."