பதினோரு சிலுவை வளைவு

வண்டியின் பின்பக்கம் அமுங்கியிருந்தது. மூன்றாவது கொண்டை ஊசி வளைவில்தான் எல்விராவுக்கு அது உறைத்தது. மேலே ஏறும்போது துள்ளிக்கொண்டு வந்த அதே பழைய வேன், இறக்கத்தில் சோள மூட்டைகளை ஏற்றியதுபோல் பின்னால் தாழ்ந்து, ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு நொடி தாமதமாகச் சாய்ந்தது. ஏற்றியதோ ஒரு பிடி மண். கைக்குட்டையில் முடிந்த ஒரே ஒரு பிடி.

அப்பா அடிபட்டு விழுந்த இடத்து மண் அது. மரம் அறுக்கும் ஆலையில் இரண்டு விரல்களைப் பறிகொடுத்த வலது கையால் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் தானே பொருத்தி, மெக்சிகோ முழுக்கச் சுற்றிவிட்டுத்தான் திரும்புவேன் என்று இதே வேனில் கிளம்பியவர். இந்த ஒவாஹாக்கா மலையையே தாண்டவில்லை. பஞ்சரான டயரைப் பார்க்க இறங்கியவரை மரம் ஏற்றி வந்த லாரி அடித்துப் போட்டுவிட்டது. அவர் ஆசைப்பட்ட கடற்கரைகளுக்கெல்லாம் அவருடைய தொப்பியை எடுத்துக்கொண்டு இரண்டு மகள்களும் ஒரு மாதம் வேனிலேயே சுற்றினார்கள். கடைசி வேலை இதுதான். உடம்பு ஊர்க் கல்லறைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. விழுந்த இடத்திலேயே நிற்கும் நிழலை நாற்பது நாளுக்குள் கூட்டிவந்து உடம்போடு சேர்க்க வேண்டும். இல்லையென்றால் அது அங்கேயே நிற்கும், காலத்துக்கும்.

தெயோடோரா அத்தை படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்: "மண்ணை எடுக்கும்போது மூணு தடவை பேர் சொல்லிக் கூப்பிடணும். பாலம் வந்தா மறுபடியும் சொல்லணும். கூப்பிடாம நிழல் தண்ணியைத் தாண்டாது."

ஆனால் அப்பா விழுந்த அந்த வளைவில், அங்கே அடிபட்டுச் செத்தவர்களுக்கு ஆளுக்கொன்றாகப் பதினோரு சிலுவைகள் இருந்தன. பட்டப்பகலில் மூடுபனி இறங்கி, கடைசியில் நட்டிருந்த அப்பாவின் வெள்ளைச் சிலுவையைத் தடவித்தான் கண்டுபிடித்தார்கள். குனிந்து மண்ணை அள்ளிய எல்விராவுக்கு 'காசிமிரோ' என்ற பெயர் தொண்டையைத் தாண்டவில்லை. நாற்பது வயதில் அப்பாவைப் பெயர் சொல்லி அழைக்க அவளுக்கு மனசு ஒப்பவில்லை.

"அப்பா, வாங்க. வீட்டுக்குப் போகலாம்" என்றாள், மூன்று முறை.

"பேரைச் சொல்லலியேக்கா" என்றாள் தங்கை பெர்லா.

"பெத்தவரைப் பேர் சொல்லி எப்படிடி கூப்பிடுறது? உனக்கு வாய் வருமா?"

பெர்லாவுக்கும் வரவில்லை.

இப்போது பெர்லா பின்னால் கட்டிலில் மண்முடிப்பை மார்பில் வைத்துப் படுத்திருந்தாள். வைப்பர் கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. முகப்பு விளக்கு பத்தடிக்கு மேல் போகவில்லை. வண்டிக்குள் டீசல் நாற்றம், நனைந்த கம்பளி நாற்றம், அடியில் வேறு ஏதோ கெட்டுப்போன வாடை. அப்பாவிடம் மரத்தூள் வாசனைதான் வரும்.

"அப்பாவுக்கு வச்ச காபியைக் காணோம்க்கா. அடிமண்டிகூட மிச்சமில்லை."

"நீயே குடிச்சிருப்ப."

"சத்தியமா இல்லை. நீ கியர் போடுற லட்சணத்துக்கு அவர் இறங்கி நடக்காம வர்றதே பெரிசு." பெர்லா மெல்லச் சிரித்தாள். பிறகு குரல் தழுதழுத்தது. "அக்கா, என் தலையைக் கோதிவிடுறார்."

எல்விராவின் கண் நிறைந்தது. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. "அந்த மொட்டை விரல் குத்துதா?" என்று கேட்டாள்.

"இல்லையே. அஞ்சு விரலும் நல்லா சில்லுன்னு இருக்கு. வலது கைதான்."

அப்பாவுக்கு வலது கையில் மூன்று விரல்தான். பதினோரு சிலுவைகள். எல்லோரும் யாரோ ஒருவருக்கு அப்பா. பெயரில்லாத அழைப்புக்கு எவன் எழுந்து வந்தானோ. வாய்விட்டுச் சொல்லவும் முடியாது. பின்னால் இருப்பது கேட்டுக்கொண்டிருக்கும்.

பாலம் வருகிறது என்று மஞ்சள் பலகை சொன்னது. எல்விரா ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தாள். கூப்பிடாவிட்டால் தாண்டாது. வாயைத் திறக்கக் கூடாது.

"பெர்லா, கொஞ்ச நேரம் பேசாம இரு."

பதில் இல்லை. நல்லது.

சக்கரத்தடியில் கான்கிரீட் இரைந்தது. கீழே ஆற்றின் ஓசை. அவள் பேசவில்லை. மூச்சுகூட விடவில்லை. அக்கரையைத் தொட்டதும் வண்டியின் பின்பக்கம் சட்டென்று எழும்பியது. நாற்றம் போய்விட்டது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. நாளைக்கே திரும்பி வந்து, வெட்கப்படாமல் பெயரைச் சொல்லி அப்பாவைக் கூட்டிப்போகலாம்.

"போயிடுச்சுடி" என்று வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தாள்.

கட்டில் காலி. போர்வை சூடாக இருந்தது. தலையணை மேல் மண்முடிப்பு. பக்கக் கதவு திறந்திருந்தது. அதன் வழியே பனி உள்ளே வந்துகொண்டிருந்தது.

பாலத்துக்கு ஓடினாள். பனி சற்றே விலகியது; எதிர்முனையில் பெர்லா வெறுங்காலோடு நின்றாள். பக்கத்தில் ஒரு ஆள். அவள் கை அவன் கைக்குள்.

"வாடி" என்று கத்தினாள் எல்விரா. பெர்லா அசையவில்லை.

பெயர் சொன்னால் வருவாள். கையைப் பிடித்திருப்பவனும் வருவான். எல்விராவுக்குத் தெரியும்.

இருப்பது ஒரே தங்கை.

"பெர்லா."

"பெர்லா."

"பெர்லா."

வெறுங்கால் பாலத்தில் பட்டது. அவனும் கால் வைத்தான். அவனுடைய மறு கையை இன்னொருவன் பிடித்திருந்தான். அவன் கையை இன்னொருவன். பனிக்குள்ளிருந்து ஒவ்வொருவராக. எல்விரா எண்ணினாள். எண்ணாமல் இருக்க முடியவில்லை. எட்டு. ஒன்பது. பத்து.

பதினோராவது ஆள் வரிசையின் கடைசியில் இழுபட்டு வந்தார். அவருடைய வலது கை மட்டும் மேலே எழுந்து ஆடியது. மூன்றே விரல்கள். போ, போ என்று அவளை விரட்டின.

அதற்குள் பெர்லா பக்கத்தில் வந்துவிட்டாள். சும்மா இருந்த கையை அக்காவிடம் நீட்டினாள்.