நீர்நாய்கள் பார்த்த பக்கம்

ஐந்து நீர்நாய்களும் கேமராவைப் பார்க்கவில்லை. அதற்குக் கொஞ்சம் இடப்பக்கமாக, கொஞ்சம் மேலே பார்த்தன.

கேமராக்காரன் இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தான். படம் அருமையாக வந்திருந்தது. அதில் அவன் பங்கு எதுவும் இல்லை. மிருகங்கள் சொல்லிவிட்டுப் பாய்வதில்லை என்பதால், பொத்தானை அழுத்துவதற்கு முந்தைய சில வினாடிகளையும் கேமராவே பிடித்து வைத்துக்கொள்ளும். இவன் பிளாஸ்க் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது அவை பின்னங்கால்களில் எழுந்து நின்று, அசையாமல் எதையோ பார்த்து, ஒரே சமயத்தில் தண்ணீருக்குள் மறைந்திருந்தன. சத்தம் கேட்டு இவன் பொத்தானைத் தேடியது அதன் பிறகு.

காலையிலிருந்து மூன்று தடவை இப்படி. மூன்றையும் வரிசையாக ஓட்டினான். முதலாவதில் அவற்றின் பார்வை அவனுடைய துணிக்கூடாரத்துக்குப் பின்னால், தூரத்து மரங்களில். இரண்டாவதில் தாழ்ந்து, கிட்டத்தில். மூன்றாவதில் கூடாரத்தை ஒட்டியே, இடப்பக்கம்.

நாணல் உரசும் சத்தமும், சேற்றின் அழுகல் வாடையும், மத்தியான வெயிலில் சூடேறிய துணியின் நாற்றமும் காலையிலிருந்தே இருந்தவைதான். ஆனால் இடப்பக்கத் துணியில் விழுந்திருந்த நாணல் நிழல்களெல்லாம் காற்றுக்குச் சாய்ந்து நிமிர்ந்துகொண்டிருக்க, நடுவில் ஒன்று மட்டும், ஆளகலத்தில், ஆடாமல் நின்றது. வெளியே போகும் ஜிப்பும் அந்தப் பக்கம்தான்.

பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மடங்கிக் கிடந்த கால்களோடு சேர்ந்து அதுவும் மரத்துப்போயிருந்தது.

எதிர்க்கரைக் கூடாரத்தில் மச்சான் இருந்தான். மனைவியின் தம்பி, ஒலிப்பதிவு தொழில், குறட்டை உபதொழில். கிளம்பும்போது அவள் சொன்னது ஒன்றுதான். "மிருகத்தை எப்ப வேணா எடுக்கலாம். அவனைப் பத்திரமா கூட்டிட்டு வாங்க. பொறந்த வீடுன்னு எனக்கு மிச்சம் அவன் ஒருத்தன்தான்."

வாக்கி டாக்கியை எடுத்தான். "மச்சான், தூங்குறியா?"

"கண்ணை மூடிக்கிட்டு வேலை பாக்குறேன் அத்தான்."

"என் கூடாரத்துக்குப் பக்கத்துல ஏதாச்சும் தெரியுதா பாரு."

கரகரப்பு. பிறகு சிரிப்பு. "தெரியுதே. தொப்பையை எக்கிக்கிட்டு நிக்கிறீங்க. மிருகம் ஓடாம என்ன செய்யும்?"

"நான் உள்ள உக்காந்திருக்கேன்."

"அப்ப வெளிய யாரு, உங்க தம்பியா? எங்கக்கா வாங்கிக் குடுத்த அதே பச்சைச் சட்டை."

அவன் குனிந்து தன் சட்டையைப் பார்த்தான். பச்சைதான்.

"நீ அங்கயே இரு. வெளிய வராத. கேக்குதா?"

"நல்லாருக்கே. வாயால வராதங்கிறீங்க, கையால வா வாங்கிறீங்க. இருங்க, வந்து பேசிக்கிறேன்."

மச்சான் வாக்கி டாக்கியைக் கீழே வைத்துவிட்டான் போலிருக்கிறது. அப்புறம் வெறும் இரைச்சல்.

இவன் கத்தினான். இத்தனை வருடமும் மிருகம் கலையாமல் கிசுகிசுத்தே பழகிய தொண்டை. கிசுகிசுப்புதான் வந்தது. எழுந்தான். கால்கள் அவனுடையவையாக இல்லை. முழங்காலில் விழுந்தான். முகத்துக்கு நேராகக் கேமரா. வெளியே பார்க்க வேறு வழியும் இல்லை.

கண் ஒட்டிக்கொண்டது. விரல் அழுத்தியது. அதற்கு யாரும் சொல்லவில்லை.

மச்சான் பேண்ட்டைச் சுருட்டிவிட்டு முழங்கால் தண்ணீரில் வந்துகொண்டிருந்தான். ஏதோ கேலி சொன்னான். கேட்கவில்லை. இக்கரை. வழுக்கும் சேறு. தடுமாறினான். தூக்கிவிடச் சொல்லிக் கையை நீட்டினான்.

படத்தின் ஓரத்திலிருந்து ஒரு கை வந்தது. பச்சைச் சட்டைக் கை.

நீண்டது. இன்னும் நீண்டது. முழங்கை வரவேயில்லை.

துணியில் நிழல் நின்ற இடத்திலேயே நின்றது. கை மட்டும் போய்க்கொண்டிருந்தது, நாணலைத் தாண்டி, சேற்றைத் தாண்டி, மடங்காமல்.

மச்சான் நிமிர்ந்து அதன் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். வழுக்கிவிடாமல் இருக்க, அந்தக் கையை இரண்டு கைகளாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.