பாம்புக்குப் பசிக்கவில்லை

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது பழைய கதை. கோயம்புத்தூரின் அடுக்ககங்களில் இப்போது பாம்பு இல்லாதவர்கள்தான் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். துக்கம் நேர்ந்த வீடுகளுக்கு இணைப்பகம் என்ற நிறுவனம் ஆளுக்கு ஒரு உணர்வுப்பட்டையும், வீட்டுக்கு ஒரு குட்டிப் பாம்பும் கொடுத்தது. ஆய்வகத்தில் பிறந்த, விஷமற்ற பாம்பு. அதன் தலைக்குள் அரிசிமணி அளவில் ஒரு கருவி. பட்டையை மணிக்கட்டில் கட்டிக்கொண்டால் பாம்பின் மனம் மனிதருக்கு வரும். பாம்புக்கு என்ன பெரிய மனம்? சூடு, குளிர், பசி, உண்ட மயக்கம், அவ்வளவுதான். அது போதும் என்றுதான் ஜனங்கள் வரிசையில் நின்றார்கள்.

செல்வநாயகியும் மகுடேசனும் மகள் தாரணியைப் புதைத்த மாதமே வாங்கிவிட்டார்கள். கடைசி நாட்களில் ஒரு வாய்க் கஞ்சிகூட இறங்காமல் போய்ச் சேர்ந்த பிள்ளை. பட்டையைக் கட்டியதும், அந்தக் கஞ்சிக் கிண்ணம் செல்வநாயகிக்கு வெறும் கிண்ணமாகிவிட்டது. கழுவிக் கவிழ்த்தாள். மகுடேசன் மறுநாளே வேலைக்குப் போனான்.

பாம்பை அவர்கள் குறை சொல்ல முடியாதபடிதான் வைத்திருந்தார்கள். கண்ணாடிப் பெட்டியின் ஒரு கோடியில் சூட்டுத்தகடு, மறுகோடி குளிர்ச்சி. ஒளிந்துகொள்ள ஒரு கொட்டாங்குச்சி, பக்கத்தில் தண்ணீர். உறைபெட்டியில் மயிர் முளைக்காத எலிக்குஞ்சுகள். ஒன்றை வெந்நீரில் இளக்கி, இடுக்கியில் பிடித்து நீட்டினால் பாம்பு விழுங்கும். உண்ட மயக்கம் தொண்டருக்கும் உண்டு என்பார்களே, அது பட்டை வழியே இருவருக்கும் வந்துவிடும். இரண்டு மூன்று நாள் சுவரைப் பார்த்தபடி சுகமாக உட்கார்ந்திருப்பார்கள்.

எப்போது தீனி வைப்பது என்று பட்டைக்காரர்கள் யாரும் நாள் பார்ப்பதில்லை. பாம்புக்குப் பசித்தால் தங்களுக்கும் பசிக்கும். அப்போது உறைபெட்டியைத் திறந்தால் போயிற்று. அதில்தான் இவர்கள் ஏமாந்தார்கள். இருவருக்கும் பசிக்கவே இல்லை. வாரங்கள் போயின.

அரையாண்டுச் சோதனைக்கு வந்த இணைப்பகத்து மருத்துவர் நஸ்ரீன் பெட்டியைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பாம்பின் முதுகெலும்பு கூரை முகடுபோலத் துருத்திக்கொண்டிருந்தது.

"என்னங்க இது? கடைசியா எப்பத் தின்னுச்சு?"

"அதுக்குப் பசிக்கலீங்க," என்றான் மகுடேசன். "பசிச்சா எங்களுக்குத் தெரியுமுங்களே."

நஸ்ரீன் எலிக்குஞ்சை நீட்டிப் பார்த்தாள். பாம்பு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவள் தன் அளவியைப் பெட்டியருகே வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"அக்கா, இது சீக்கு இல்லீங்க. பட்டை ஒருவழிப் பாதைன்னுதான் நாங்களும் நெனச்சிருந்தோம். அப்படி இல்லைன்னு இப்பத்தான் ஒவ்வொரு வீடாத் தெரியவருது. அதோட நிம்மதி உங்களுக்கு வந்துச்சு. உங்க துக்கம் கொஞ்சங்கொஞ்சமா அதுக்குள்ள போய்ச் சேர்ந்திருச்சு. அதுக்கு அழத் தெரியாது. திங்கறதை நிறுத்திருச்சு."

"இப்ப என்னங்க பண்றது?" என்றாள் செல்வநாயகி.

"பட்டையைக் கழட்டிட்டு ஊட்டிப் பாருங்க. ரெண்டு பேர்ல ஒருத்தர் கழட்டினாலும் அதுக்குப் பாரம் கொறையும். இல்லீன்னா இந்த வாரம் தாங்காதுங்க."

மகுடேசன் தன் மணிக்கட்டை மறுகையால் மூடிக்கொண்டான். செல்வநாயகி கழற்றினாள். பாம்பின் மேல் பாசம் என்றெல்லாம் இல்லை. கழற்றச் சொன்னார்கள், கழற்றினாள்.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. குஞ்சை வெந்நீரில் இளக்கினாள், ஈரம் துடைத்தாள், இடுக்கியில் நீட்டினாள். பாம்பு அசையவில்லை.

"தின்னு," என்றாள். இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனாள். "ஒரு வாய் கண்ணு. ஒரே ஒரு வாய். அம்மா ஊதி ஊதி ஆத்தி வெச்சிருக்கறேன் பாரு..."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்லவேண்டியதைச் சொல்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. இடுக்கியை விடாமல், பெட்டி விளிம்பில் நெற்றியை முட்டுக்கொடுத்து, ஓங்கி அழுதாள். புதைத்த அன்று அழுதது போக மிச்சமிருந்ததையெல்லாம் அழுதாள். அவள் அழ அழ, பாம்பு மெல்லத் தலை தூக்கி நாக்கை நீட்டியது. பிறகு வெடுக்கென்று கவ்வியது.

"இனிப் பொழைச்சுக்கும்க்கா," என்று அவள் தோளைத் தொட்டுச் சொல்லிவிட்டு, நஸ்ரீன் அடுத்த வீட்டுப் பாம்பைப் பார்க்கப் போனாள்.

செல்வநாயகி முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். மகள் போன பிறகு முதன்முறையாக அவளுக்குப் புருஷன் வேண்டியிருந்தது.

"ஏனுங்க, தாரணி கடைசியாத் தண்ணி கேட்டாளே, அந்தக் கொரல் காதுலயே நிக்குதுங்க. என்னால ஒருத்தியாத் தாங்க முடியலீங்க. நீங்களும் ஒருக்காக் கழட்டுங்க. ரெண்டு பேரும் ஒண்ணா அழுதுக்கலாம்."

மகுடேசன் சோபாவில் சாய்ந்து கிடந்தான். பாம்பின் வயிறு நிறைந்த சுகம் அவன் முகமெல்லாம் பரவியிருந்தது. அவன் கண்ணைத் திறக்கவில்லை.

"இப்பத்தான கண்ணு அது தின்னிருக்குது," என்றான் குழைவாக. "செரிக்கட்டும். அப்புறமா அழுவலாம்."