வாய் வைத்த குழல்

ஸ்வரத்துக்கு முன்னால் யாரோ எச்சில் விழுங்கினார்கள்.

ஸ்ரீகர் டேப்பை நிறுத்திப் பின்னால் ஓட்டி, ஹெட்போனை இரண்டு கைகளாலும் காதோடு அழுத்திக்கொண்டு மறுபடி கேட்டான். புல்லாங்குழல் மெல்லக் கிளம்புவதற்குச் சற்று முன், சின்னதாக, ஈரமாக ஒரு ‘களுக்’. பாடுகிறவர்கள் வாயைத் திறப்பதற்கு முன் தொண்டையைக் காலி செய்துகொள்வார்களே, அதே சத்தம். பாட்டுப் பதிவில் அது சகஜம்தான். ஆனால் இந்த அறையில் மைக்கே இல்லை. கீபோர்டின் முதுகிலிருந்து ஒரு வயர் நேராக டேப் ரெக்கார்டருக்குள் போகிறது, இன்னொன்று ஸ்பீக்கருக்கு. வயருக்குத் தொண்டை கிடையாது.

வெளியே ஐப்பசி மழை விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது. விஜயநகர் குடியிருப்பின் கடைசித் தெரு அது. பாதி கட்டி நின்றுபோன வீடுகளுக்குள் சாயங்கால இருட்டு மற்ற இடங்களைவிடச் சீக்கிரமே வந்து குடியேறிவிடும். நாளைக் காலை தேவராஜ மொஹல்லாவிலிருந்து கேசட்காரர் மல்லப்பன் வருகிறார். ஸ்ரீகரின் மனைவி செலுவம்பா பாடியிருக்கும் பக்திப் பாடல்கள் எல்லாம் தயார். நடுநடுவே வரும் புல்லாங்குழல்தான் பாக்கி. அது அவருக்குப் பிடித்தால் கேசட் வெளிவரும். பிடிக்காவிட்டால் ஸ்ரீகர் மாமனாரின் ஊதுவத்திக் கிடங்குக்கே திரும்ப வேண்டும். அதுகூடப் பரவாயில்லை. “இந்தத் தடவையும் ஆகலைன்னா நான் இனிமே வாயே திறக்கப்போறதில்லை” என்று செலுவி சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள். சிரித்தது உதடு மட்டும்தான். அந்தக் குரல் இந்த வீட்டில் கேட்காமல் போகும் என்பதைத்தான் அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

கீபோர்டு பழசு. எண்பதுகளின் சினிமாப் பாட்டுகளை மணிச்சத்தத்தாலும் கண்ணாடியில் தட்டுவது போன்ற பியானோவாலும் நிரப்பிய ஜப்பான் ஜாதி. நிஜ வாத்தியங்களையே பதிவு செய்து வைத்திருக்கும் புதுப் பெட்டிகள் வந்த பிறகு, மண்டி மொஹல்லாவில் பசவராஜின் ரிப்பேர் கடை மூலையில் தூசி தின்றுகொண்டிருந்ததை ஸ்ரீகர் வாடகைக்கு எடுத்து வந்திருந்தான். இதற்குள் எந்த வாத்தியமும் பதிவாகியிருக்கவில்லை. இருப்பது ஆறு அலைகள். ஓர் அலை இன்னோர் அலையைப் பிடித்துக் குலுக்கும். குலுங்கும் அலைதான் காதில் விழும், குலுக்குகிற அலை ஒருபோதும் கேட்காது. எங்கோ தூர தேசத்துக் கதை ஒன்றில், கண்ணுக்குத் தெரியாத ஒருவன் பொம்மைக்குள் கைவிட்டு ஆட்டுவதுபோல ஸ்ரீகர் அதை நினைத்து ரசித்ததுண்டு.

விரலால் மட்டும் வாசித்தால் இதன் புல்லாங்குழல் தகர ஊதல் மாதிரி இருக்கும். அதற்குத்தான் பசவராஜ் அந்த மவுத்பீஸைக் கொடுத்தான். கட்டைவிரல் அளவுக் கறுப்பு பிளாஸ்டிக், வாலாக ஒரு வயர்.

“இத பல்லுல கடிச்சிக்கிட்டு ஊதுங்க சார். விரலு ஸ்வரம் போடும், மூச்சு அதுக்கு உசிரு கொடுக்கும்.”

“யாரோடது?”

“ஆர்கெஸ்ட்ராகாரன் ஒருத்தன். கடைசி மூச்சு வரைக்கும் வாயிலேந்து எடுக்கவே இல்ல. அஷ்டு ஆசெ, அவ்ளோ ஆசை!” பசவராஜ் சிரித்தான்.

“கழுவிக்கலாமா?”

“ஐயோ, பேட சார், வேணாம்! உள்ளாற எலக்ட்ரானிக். தண்ணி பட்டா ஹோய்த்து, போச்சு. சும்மா தொடைச்சிக்குங்க.”

பிளாஸ்டிக்கில் பல்தடங்கள் ஆழமாக விழுந்திருந்தன. பள்ளங்களில் வெற்றிலைக் காவி காய்ந்து பொருக்காக ஒட்டியிருந்தது. ஸ்ரீகர் அதை இரண்டு விரல்நுனியால் மட்டும் பிடித்துக்கொண்டான். மேல்கோட்டை அக்ரகாரத்தை விட்டு வந்து எத்தனையோ தலைமுறை ஆகியும், அவர்கள் வீட்டில் யாரும் டம்ளரில் உதடு வைத்தது கிடையாது. அண்ணாந்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் குடிப்பார்கள். அவன் குடித்து வைக்கும் காபியில் பாதியைச் செலுவி எடுத்துக் குடித்துவிடுவாள். “நீங்கதான் வாய் வைக்கறதே இல்லையே, அப்பறம் என்ன எச்சில்?” என்பாள். கல்யாணமான நாளிலிருந்து அது அவர்களுக்குள் ஒரு கொஞ்சல்.

அவளிடம் மவுத்பீஸ் புதுசு என்று சொல்லிவிட்டான். ஈரத்துணியால் துடைத்தான். துணி சிவந்தது. மறுபடி துடைத்தான், மறுபடியும் சிவந்தது. அவள் கோவிலுக்குப் போயிருந்த நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு கடித்தான். அவனுடைய பற்கள் அந்தப் பள்ளங்களில், அவனுக்காகவே அளவெடுத்ததுபோல, பிசகாமல் உட்கார்ந்தன. ஊதினான். அறையில் ஒரு நிஜமான மூங்கில் குழல் அழுதது. அந்த அழகில் குமட்டல் மறந்துபோயிற்று.

இப்போது திரும்பி வந்தது.

“ஏன்னா!” சமையலறையிலிருந்து செலுவியின் குரல். “கீபோர்டுன்னு சத்தியம் பண்ணினாலும் மல்லப்பன் நம்பமாட்டார். யாரோ பக்கத்துல உக்காந்துண்டு ஊதற மாதிரின்னா இருக்கு!”

“யாரோன்னா யாரு?”

“யாருக்குத் தெரியும்? வெத்தலை போடற ஆசாமி!”

அவள் சிரித்தாள். சாத்தமுதுக்குப் பெருங்காயம் தாளிக்கும் வாசனை வரவேண்டிய நேரம். வந்தது வேறு. நாள்பட்ட வெற்றிலையும் சொத்தைப் பல்லும் கலந்த, மூடியே வைத்திருந்த வாய் ஒன்று திறந்ததுபோன்ற நெடி. இரண்டு ஊதுவத்திகளைக் கொளுத்திக் கீபோர்டின் ஓரத்தில் செருகினான். மாமனார் கிடங்கின் மல்லிகை. அதற்கு அடியில் அந்த நெடி இன்னும் இனிப்பாகி, தொண்டையில் படிந்தது.

சத்தம் எந்த அலையில் ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம். அதற்கு வழி உண்டு. ஆறு அலைகளையும் தனித்தனியாக அணைக்கப் பொத்தான்கள் இருந்தன. எரிகிற அலைக்குச் சின்னத் திரையில் ஒன்று, அணைந்ததற்குப் பூஜ்யம். மேலிருந்து ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே ஒரே ஸ்வரத்தை வாசித்தான். குழலின் காற்றுச் சத்தம் உதிர்ந்தது. பிறகு மூங்கிலின் கரகரப்பு. பிறகு இனிமை. கடைசியில் நோயாளியின் முனகல்போல ஒரு வெற்று ஓசை மிஞ்ச, அதையும் அணைத்தான்.

திரையில் எல்லாம் பூஜ்யம்.

ஹெட்போனில் அமைதி. மழை. பிறகு காதுக்கு மிக அருகில், உதடுகள் ஒட்டிப் பிரியும் சத்தம். நாக்கு ஒன்று பற்களை மெல்லத் தடவியது. களுக்.

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தான். விரல்கள் பிசுபிசுத்தன. கட்டைகளின் இடுக்குகளில் ஈரம் கசிந்து, விரலைத் தூக்கும்போது நூல்நூலாகக் கூடவே எழுந்து வந்தது. மழைக்காலத்து ஈரம் என்று சொல்லிக்கொண்டான். வேட்டியில் துடைத்தான். காவி.

எல்லாவற்றையும் கட்டித் திருப்பிக் கொடுத்துவிடலாம். கொடுத்துவிட்டால் மல்லப்பனிடம் நாளைக்கு என்ன போட்டுக் காட்டுவது? கடைசிப் பாட்டின் முடிப்பு மட்டும்தான் மிச்சம். ஒரே ஒரு வரி. செலுவியின் குரல் மேலே போய் நிற்கும் இடத்தில் குழல் அதை வந்து ஏந்திக்கொள்ள வேண்டும்.

அலைகளை மறுபடி எரியவிட்டான். ரெக்கார்டரை ஓடவிட்டான். மவுத்பீஸை எடுத்தபோது அது வெதுவெதுப்பாக இருந்தது.

கடித்தான்.

டேப்பில் செலுவியின் குரல் ஏறியது. ஸ்ரீகர் ஊதினான். குழல் வந்தது, அவன் நினைத்ததைவிட அழகாக. ஸ்வரம் நீண்டது. அவன் மூச்சு முடிந்தது. ஸ்வரம் முடியவில்லை. அந்த மவுத்பீஸ் மூச்சை அளக்கும், அவ்வளவுதான். அதற்குள் காற்று போகும், திரும்பி வராது. அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

வந்தது.

சூடான காற்று. இன்னொருவருடைய மூச்சு. அவன் வாய்க்குள். வெற்றிலை, சீழ், பழைய சோறு. கன்னங்கள் தாமாக உப்பின. துப்பப் பார்த்தான். தாடை திறக்கவில்லை. மூச்சோடு சேர்ந்து ஏதோ ஒன்று வழுவழுவென்று நழுவி வந்து நாக்கின்மேல் படுத்தது. உப்புக் கரித்தது. அசைந்தது.

விழுங்காதே என்று தனக்குச் சொல்லிக்கொண்டான். விழுங்காதே.

களுக்.

அதே நொடியில் கரெண்டு போயிற்று. தெருவே அணைந்தது. ரெக்கார்டர் முனகி நின்றது. திரை கறுத்தது. தாடை திறந்துகொண்டது, மவுத்பீஸ் மடியில் விழுந்தது.

குழல் நிற்கவில்லை.

இருட்டில், ஸ்பீக்கர் இல்லாமல், வயர் இல்லாமல், மிக இனிமையாக. தொண்டையில் கையை வைத்தான். அதிர்ந்தது. வாயை மூடினான். மூக்கு வழியாக வந்தது.

“ஏன்னா, இதுக்குள்ள பேட்டரியும் இருக்கா?” செலுவி சுவரைத் தடவிக்கொண்டு வந்தாள். மெட்டி தரையில் உரசியது. “என்னமா இருக்கு! நிறுத்தாதீங்கோ.”

போ என்று சொல்ல வாயைத் திறந்தான். ஒரு கமகம் வந்தது.

“தொண்டை வறண்டு போயிருக்குமே, இந்தாங்கோ. தீர்த்தம்.”

குளிர்ந்த வெள்ளி டம்ளர் அவன் கைக்குள் வந்தது. கை அதைத் தூக்கியது. அண்ணாக்கவில்லை. உதடுகள் நீண்டு, டம்ளரின் விளிம்பைக் குழந்தை முலையைக் கவ்வுவதுபோலக் கவ்விக்கொண்டன. வாழ்நாளில் முதல்முறை. பற்கள் வெள்ளியில் நறநறத்தன. குழல் நின்றது. நாக்கின் அடியிலிருந்து அந்த வழுவழுப்பு உருண்டு, விளிம்பைத் தாண்டி, தண்ணீருக்குள் நழுவிய மெல்லிய சத்தம் அவனுக்குக் கேட்டது.

விரலை விடுவிக்கத்தான் பார்த்தான். டம்ளரைக் கவிழ்க்க. எறிய. விரல்கள் அதைப் பத்திரமாக நீட்டின.

“பாதி வெச்சிருக்கேளா, எனக்கு?”

வேண்டாம். வேண்டாம் செலுவி. வாயிலிருந்து வெறும் காற்று.

இருட்டில் வளையல் சத்தம். அவள் அண்ணாந்து குடிக்கும்போது தண்ணீர் விழும் சத்தம், அவன் நன்றாக அறிந்த சத்தம். ஒரு மிடறு. அவளுடையது. பிறகு, சற்றுத் தாமதித்து, இன்னொன்று.

களுக்.

மழை நின்றிருந்தது. பிறகு அறையின் நடுவிலிருந்து குழல் கிளம்பியது. கடைசிப் பாட்டின் கடைசி வரி. அவள் குரல் மேலே போய் நிற்கும் இடம். குரல் இல்லை. குழல் மட்டும்.

விளக்கு வந்தது.

செலுவி அவனுக்கு நேர் எதிரே நின்றிருந்தாள். இரண்டு கைகளும் பக்கத்தில் தொங்கின. வெள்ளி டம்ளரை அவள் கையால் பிடித்திருக்கவில்லை. விளிம்பை முன்பற்களால் கடித்துப் பிடித்திருந்தாள். உதடுகள் அதை இறுக்கிச் சப்பிக்கொண்டிருந்தன. மோவாயிலிருந்து காவி நிறத்தில் ஒரு நூல் நீண்டு இறங்கியது. கண்கள் அவனையே கெஞ்சிப் பார்த்தன. காலி டம்ளருக்குள் ஊதுவதுபோல அவள் கன்னங்கள் உப்பி உப்பி அடங்க, தொண்டை மட்டும் ஏறி, இறங்கி, ஏறிக்கொண்டே இருந்தது.