கத்திரியை ஏரியில் விட மாட்டேன்!

ஏரிக்கரையில் அப்பாவின் வழியை மறித்துக்கொண்டு நின்றாள் பொடிசு. அப்பாவின் கையில் ஒரு வாளி. வாளிக்குள் கத்திரி.

கத்திரி அவள் வீட்டு மீன்தொட்டியில் வளர்த்த நன்னீர்ச் சிங்கி இறால். உடம்பு இறால் மாதிரி, கொடுக்கு நண்டு மாதிரி. அன்று காலையில் அது அண்ணனுடைய தங்கமீனின் வாலை நறுக்கிவிட்டது. அண்ணன் அழுத அழுகையில் வீடே இரண்டுபட்டது. "ஏரியில விட்டுட்டு வந்துடறேன்" என்று அப்பா வாளியும் கையுமாகக் கிளம்பிவிட்டார். வழிநெடுக முரண்டு பிடித்தபடி பொடிசும் பின்னாலேயே ஓடி வந்தாள்.

"தள்ளும்மா. இங்க அது சந்தோஷமா இருக்கும்."

"அது இருக்கும். மத்த மீனெல்லாம் இருக்காது!"

"என்ன உளர்றே?"

"இது வேற நாட்டு இறால்ப்பா. கடைக்காரர்கிட்ட கேட்டேன். இந்த ஏரியில விட்டா மீன் முட்டையை எல்லாம் தின்னுடும். இது பொண்ணு வேற. வயித்துல முட்டை இருந்தா ஏரி பூரா பரவிடும். அப்புறம் யாராலயும் பிடிக்க முடியாது."

"ஒரே ஒரு இறாலுக்கு இவ்வளவு பேச்சா? பெரியவங்க சொன்னா கேக்கணும்."

"இதை மட்டும் கேக்க மாட்டேன்."

அப்பாவை அவள் இப்படி எதிர்த்துப் பேசியதே இல்லை. ஆனாலும் ஓர் அடிகூட நகரவில்லை.

"சரி, அண்ணன் மீனை யார் காப்பாத்துவா?"

"நான்தான்! என் பொம்மை டப்பா மூடியோட இருக்குல்ல? அதுல கத்திரியைத் தனியா வெச்சுக்கறேன். தண்ணி மாத்துறதும் என் வேலை."

"அப்போ பொம்மையெல்லாம்?"

"கட்டிலுக்கு அடியில தூங்கட்டும்."

அப்பா கரையோரம் துள்ளிய பொடிமீன்களைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

"இந்தா, நீயும் ஒரு பக்கம் பிடி. வீடு வரைக்கும் என்னால தனியாத் தூக்க முடியாது."

சாயங்காலத்துக்குள் கத்திரியின் புது வீடு தயாரானது. ஒளிந்துகொள்ள ஓர் உடைந்த கோப்பை, குமிழி விட ஒரு சின்ன பம்ப், ஓட்டை போட்ட மூடி. அண்ணன் வந்து, உம்மென்ற முகத்தோடு மூடியை அழுத்திப் பார்த்துவிட்டு நின்றான்.

"வால் திரும்ப வளர்ந்துடும்ணா" என்றாள் பொடிசு.

அவன் தன் மீன்தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"பாவம், பசிக்குமே" என்று அப்பா மூடியைத் திறந்து கேரட் துண்டை நீட்டினார்.

"அப்பா, விரலை உள்ள விடாதீங்க..."

"ஆ!"

அப்பா விரலை உதறிக்கொண்டு அறை முழுக்கக் குதித்தார். காலையிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த அண்ணன், குபீரென்று சிரித்துவிட்டான்.