பின் இடது, நாற்பத்தேழு அடி

அறையின் நீளமே பதினான்கு அடி. அதற்குள் இருக்கும் ஒரு ஸ்பீக்கர் நாற்பத்தேழு அடி தள்ளி இருக்கிறது என்று டிவி திரையில் எண் வந்து நின்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? மலையாண்டி சிரித்தான்.

"மொத நாளே பல்ல இளிச்சிருச்சு பாத்தியா?" என்று சோபாவில் துணி மடித்துக்கொண்டிருந்த தமிழ்வாணியிடம் சொன்னான். அவள் நிமிரவில்லை. எட்டு மாத வயிற்றை வைத்துக்கொண்டு குனிந்து நிமிர்வதே அவளுக்குப் பெரும்பாடாக இருந்தது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வளைகாப்பு. அன்றைக்கே வாடிப்பட்டியில் இருந்து அவள் அம்மா வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவார். அதுவரைக்கும் அவளையும் பிள்ளையையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டியது மலையாண்டியின் பொறுப்பு.

அவன் வாங்கி வந்திருந்த ரிசீவர் பெரிய வித்தை எதுவும் இல்லை. டிவியின் சத்தத்தைப் பிரித்து முன்னால் மூன்று, பின்னால் இரண்டு என்று ஐந்து ஸ்பீக்கருக்கும், மூலையில் உறுமுகிற ஊஃபருக்கும் பங்கு வைக்கிற இரும்புப் பெட்டி. கூடவே எலுமிச்சம்பழம் அளவில் ஒரு மைக் வரும். கேட்பவரின் தலை எங்கே இருக்குமோ அங்கே அதை வைத்துப் பட்டனை அமுக்கினால், பெட்டி ஒவ்வொரு ஸ்பீக்கர் வழியாகவும் 'ஷ்ர்ர்ர்' என்று ஓர் இரைச்சலை அனுப்பும். மைக் அதைக் கேட்டு எது எத்தனை அடி என்று சொல்லும். தமிழ்வாணி எப்போதும் சாய்ந்திருக்கும் இடத்தில், சோபாவின் முதுகுமேல், மைக்கை வைத்திருந்தான்.

குறை கண்டுபிடிப்பதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. சவுண்டு பைத்தியம் பிடித்த நாற்பது பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் மலையாண்டி விமர்சனம் எழுதுகிறான் என்றால் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே எழுந்து படிப்பார்கள். விலை குறைந்த ரிசீவர் என்றாலே அவனுக்கு ஆகாது. ஆனால் அவன் சம்பளத்துக்கு எட்டியது அதுதான். அந்த எரிச்சலையும் சேர்த்து வைத்துத்தான் எழுதுவான். இதற்கும் ஆரம்பித்துவிட்டான்: ரிமோட் பொம்மைக்கடைச் சாமான், பின்னால் வயர் செருகும் கிளிப்பைத் தொட்டால் கையோடு வருகிறது, அரைமணி ஓடினால் மேல்மூடி தோசைக்கல்லாகச் சுடுகிறது, நடு ஸ்பீக்கரில் பேசுகிறவனுக்கெல்லாம் ஜலதோஷம். நாற்பத்தேழு அடியை மட்டும் என்னவென்று எழுதுவது என்று தெரியவில்லை.

ஊஃபருக்குத் தூரம் கூடக் காட்டும், அது எல்லாப் பெட்டிக்கும் உள்ள வழக்கம். பின் ஸ்பீக்கருக்குக் காட்டாது. வயரை மாற்றினான். வலது ஸ்பீக்கரைக் கழற்றி இடது பக்கம் வைத்தான். நாற்பத்தேழு. கழற்றிய இடது ஸ்பீக்கர் வலது பக்கம் போனதும் ஒழுங்காக ஆறு அடி என்றது. அப்படியானால் கோளாறு ஸ்பீக்கரிலும் இல்லை, வயரிலும் இல்லை, அந்த மூலையில் இருக்கிறது. அது எப்படி மூலையில் இருக்கும் என்று தன்னையே திட்டிக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டான். மற்ற நான்கிலும் இரைச்சல் தகரக் கொட்டகையில் மணலைக் கொட்டியதுபோல் சடசடவென்று வந்தது. இடது மூலைக்கு முறை வந்தபோது, அதே இரைச்சல்தான், ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் வெட்டவெளியில் இருந்து, வெயிலும் தெருவும் கலந்து வருவதுபோல மெலிந்து வந்தது.

"கீழ யாரோ லாரித் தண்ணி பிடிக்கிறாங்களாங்க?" என்று கேட்டாள் தமிழ்வாணி.

அன்று சாயங்காலம் வேலையற்ற வேலையாக டேப்பை எடுத்து அளந்தான். சோபாவில் இருந்து அந்தத் திசையில் சுவர், சுவருக்கு வெளியே மாடிப்படி, படி இறங்கினால் கேட், கேட்டைத் தாண்டித் தெரு. நாற்பத்தேழு அடி, போன சனிக்கிழமை பெட்டியை இறக்குவதற்கு ஆட்டோ நின்ற இடத்தில் போய் முடிந்தது. சரி, தற்செயல் என்று டேப்பைச் சுருட்டிக்கொண்டு மேலே வந்தான்.

புதன்கிழமை மறுபடி ஓட்டிப் பார்த்தான். முப்பத்தொன்று. வெள்ளிக்கிழமை இருபத்திரண்டு. முப்பத்தொன்று கேட்டுக்கு உள்பக்கம், முதல் படி. இருபத்திரண்டு பாதிப் படி. அளக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே இரண்டு நாளும் அளந்தான். வெள்ளிக்கிழமை இன்னொன்றும் சேர்ந்தது. பெட்டி சூடேறியதும் மேல்மூடியின் துளைகள் வழியாக ஒரு வாசனை வந்தது. சூடான பெட்டியில் தூசி கருகும் வாசனை அவனுக்குத் தெரியும். இது அதில்லை. பன்னீர், ஊதுபத்தி, நாலு நாள் ஆன சம்பங்கி மாலை. அந்த வாசனையை எங்கே முகர்ந்தான் என்று அவனுக்கு நன்றாகவே தெரியும்.

பெட்டியை விற்றவர் கீழக்குயில்குடி சுந்தரம்மாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். போனில் முதலிலேயே சொல்லிவிட்டார்: "வீட்டுக்காரரு தவறி ஒம்பது நாள்தான் ஆகுது தம்பி. பதினாறு முடியட்டும், வந்து எடுத்துக்கங்க." இவனுக்குப் பொறுக்கவில்லை. பாதி விலைக்குச் சொல்லும்போது குழுவில் இருக்கும் வேறு எவனாவது கொத்திக்கொண்டு போய்விட்டால்? மறுநாளே, தமிழ்வாணியை ஆஸ்பத்திரிச் செக்கப்புக்குக் கூட்டிப்போய்த் திரும்பும் வழியில், ஆட்டோவை அப்படியே கீழக்குயில்குடி மலைப்பக்கம் திருப்பச் சொன்னான். சாவு வீடு என்று அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் வரமாட்டாள். மாசமாக இருக்கும் எந்தப் பெண்தான் வருவாள்? ஆட்டோவிலேயே இருக்கட்டும், ரெண்டு நிமிஷ வேலை என்று நினைத்தான்.

அவள் தாகம் என்று இறங்கி உள்ளே வந்துவிட்டாள். மூலையில் விளக்கு எரிந்தது, மாலை போட்ட படம் இருந்தது. மலையாண்டி ஓர் அடி நகர்ந்து, தன் உடம்பால் அதை மறைத்துக்கொண்டு நின்றான். சுந்தரம்மாள் அந்த வயிற்றைப் பார்த்துத் திகைத்துப்போய், பேசாமல் தண்ணீர் கொடுத்தார். தமிழ்வாணி குடித்தாள். செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நல்ல வீட்டில் வளர்ந்த பிள்ளை, சிரித்த முகமாகச் சொன்னாள்: "போயிட்டு வாரேன்க்கா."

எழவு வீட்டில் யாரும் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். வந்தது போலவே எழுந்து, பேசாமல் நடந்துவிடுவார்கள். வாரேன் என்று அங்கே சொல்லவே கூடாது. மலையாண்டிக்கு அது தெரியும். சட்டென்று அவள் கையைப் பிடித்து, சொல்லாதே என்று தடுத்திருக்கலாம். தடுத்தால் ஏன் என்று கேட்பாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டான்.

இதெல்லாம் ஒரு விஷயமா என்று சனிக்கிழமை முழுக்கத் தனக்குத்தானே சண்டை போட்டான். பெட்டியில் இருப்பது சர்க்யூட். சர்க்யூட்டுக்கு எழவும் தெரியாது, வாரேனும் தெரியாது. அன்று மாலை எண் பத்து. பத்து என்றால் மாடிப்படியின் கடைசிப் படி, சுவருக்கு நேர் வெளியே. இரைச்சலில் இப்போது வெட்டவெளி இல்லை. சுவரில் வாயை வைத்து ஒருவர் ஊதுவதுபோல் அடைத்துக்கொண்டு வந்தது.

"ஏங்க, எனக்குப் பின்னாடி யாராச்சும் நிக்கிறாங்களா?" என்றாள் தமிழ்வாணி.

"யாரு நிக்கப் போறா? சவுண்டு அப்படித்தான் இருக்கும். அதுக்குத்தான சரவுண்டுன்னு பேரு."

"வேணாங்க. இதத் திருப்பிக் குடுத்துருங்க. எனக்கு இந்தச் சனியனே பிடிக்கல."

"குடுத்துருவோம்" என்றான். மனதாரச் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் காலையிலேயே சுட்டெரித்தது. பதினொரு மணிக்குத் தமிழ்வாணி சோறு வைக்கப் போனவள் பாதியில் திரும்பி வந்து, சோபாவில் சரிந்தாள். முகம் வெளிறி இருந்தது.

"காலையில இருந்து புள்ள அசையவே இல்லங்க. எப்பவும் இம்புட்டு நேரம் சும்மா கெடக்காது."

"தூங்கும்டி. சாயந்தரம் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துருவோம்."

"இப்பவே போவோமே."

"ஆட்டோவுக்குச் சொல்றேன். கண்ண மூடிப் படு."

சொன்னான். ஆட்டோக்காரர் அரைமணியில் வருகிறேன் என்றார். தமிழ்வாணி அப்படியே தூங்கிப்போனாள். அந்த அரைமணியில்தான் அவனுக்குப் புத்தி கெட்டது. பெட்டியைக் கம்பெனியில் இருந்து வந்தபோது இருந்த நிலைக்கே அழித்துத் திருப்பிவிட்டு, கடைசியாக ஒரே ஒருமுறை, ஆறு அடி என்று காட்டிவிட்டால் போதும், நிம்மதியாகத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று பட்டனை அமுக்கினான். மைக் அவள் தலைமாட்டில் இருந்தது. இரைச்சல் சுற்றி வந்தது. முன் இடது. நடு. முன் வலது. பின் வலது. பின் இடதுக்கு முறை வந்தபோது மூலையில் இருந்த ஸ்பீக்கரில் சத்தமே இல்லை. ஆனால் இரைச்சல் கேட்டது, தெளிவாக, மெத்தைக்குள் இருந்து வருவதுபோல் மெதுவாக.

திரையில் எண் வந்தது. ஒன்றரை.

மூலைச் சுவர் ஆறு அடியில் இருக்கிறது. ஒன்றரை அடியில் எதுவும் இல்லை. சோபாதான் இருக்கிறது.

போனை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்ச் சுந்தரம்மாளைக் கூப்பிட்டான்.

"அக்கா, இந்தப் பெட்டிய இன்னைக்கே கொண்டாந்து குடுத்துர்றேன். காசே வேணாம்."

"வேணாம் தம்பி. எங்க வீட்ல அது இப்ப இல்ல."

"எது இல்ல?"

"மூச்சு இரைச்சு இரைச்சுத்தான் அவரு போனாரு. போன பெறகும் பத்து நாளா அந்த இடப்பக்க மூலையில கெடந்து இரைஞ்சுச்சு. நீங்க வந்துட்டுப் போன அன்னைக்கு நின்னுருச்சு. பத்து நாளா என்னைய யாரும் வாரேன்னு சொல்லிட்டுப் போகல. சொல்ல மாட்டாங்க. அந்தப் புள்ளதான் சொல்லுச்சு. மாசமா இருக்கற புள்ளைய ஏன் தம்பி உள்ள விட்டீங்க? நாந்தான் அம்புட்டுச் சொன்னேன்ல, பதினாறு முடியட்டும்னு?"

போனை வைத்துவிட்டான்.

ஓடி வந்து பிளக்கைப் பிடுங்கினான். பெட்டியின் விளக்கு அணைந்தது. பின்னால் கையை விட்டு வயர்களைக் கொத்தாக இழுத்தான். கிளிப்புகள் உடைந்து கையோடு வந்தன. மைக்கைப் பிய்த்து ஜன்னல் வழியாக எறிந்தான். ஊஃபர் வயரையும் உருவினான். ஐந்து ஸ்பீக்கரும் வெறும் மரப்பெட்டிகள். இனி ஒன்றும் இல்லை. மின்விசிறி மட்டும் ஓடியது. அதையும் நிறுத்தினான்.

அமைதி.

தெருவில் வெயில். ரயில் ஒன்று போனது. போய் முடிந்தது.

ஷ்ர்ர்ர்.

நின்றது.

ஷ்ர்ர்ர்.

மூலையைப் பார்த்தான். அங்கே இல்லை. சுவரில் காதை வைத்தான். அங்கேயும் இல்லை. பன்னீர் வாசனை. சம்பங்கி. திரும்பினான். தமிழ்வாணி மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் மூடித்தான் இருந்தது. மூச்சு சீராக வந்தது. அவள் மூச்சுக்கும் அந்தச் சத்தத்துக்கும் சம்பந்தம் இல்லை.

முட்டி போட்டான். காதைப் பக்கத்தில் கொண்டு போனான். முகத்தருகே. கழுத்தருகே. சேலையருகே.

ஷ்ர்ர்ர்.

வயிற்றின் இடது பக்கம்.

அவள் கண்ணைத் திறந்தாள். அவனைப் பார்த்தாள். காலையில் இருந்து வெளிறிக் கிடந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"அசையுதுங்க! நான் பயந்தே போயிட்டேன். இங்கன, இங்கன கை வைங்க."

அவன் கையை இழுத்து அவளே இடது பக்கம் வைத்துக்கொண்டாள். விடாமல் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே ஏதோ புரண்டது. மெதுவாக மேலே வந்தது. அவன் உள்ளங்கைக்கு நேராக ஓர் உள்ளங்கை வந்து ஒட்டியது. விரல் விரலாக விரிந்தது. பிள்ளையின் கை இல்லை. அவன் கையின் அளவு இருந்தது.

"எம்புட்டு பலமா முட்டுது பாருங்க" என்று சிரித்தாள் தமிழ்வாணி.